எவ்வளவு ஓடலாம் என்று எழுதிக் கொடுங்கள்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் நிறுவியவரைப் புகழ்வதில் பாதி நேரம் போகும். அவர் அதை விரும்பமாட்டார் என்று குடும்பத்தாரே சொல்லிவிட்டார்கள். அதனால் நேரே பொருளுக்கு வருகிறேன்.

இதயத் தசை நோய் உள்ள குழந்தைகளுக்கு உடற்பயிற்சி வழி மறுவாழ்வு என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், அவரும் மருத்துவர்தான், “ஹார்ட் வீக்கா இருக்கிற பிள்ளைய ஓட விடப் போறீங்களா?” என்று கேட்டார். ஓட விடத்தான் போகிறோம். எந்தப் பிள்ளையை, எவ்வளவு நேரம், யார் பக்கத்தில் நிற்க என்பதையெல்லாம் தீர்மானித்த பிறகு ஓட விடப் போகிறோம். சில பிள்ளைகளை ஓட விடவே மாட்டோம். இந்த வேறுபாட்டை விளக்கத்தான் இன்றைய ஒரு மணி நேரம்.

இதயத்தில் ஓட்டை என்றால் நம் ஊரில் யாருக்கும் விளங்கும். அது பிறவியிலேயே அமைப்பில் வந்த குறை. அடைக்கலாம், தைக்கலாம். இதயத் தசை நோயில், அதாவது கார்டியோமயோபதியில், அறைகளின் பிறவி அமைப்பும் வால்வுகளும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். தசைதான் கெட்டிருக்கும். ஒரு வகையில் தசை மெலிந்து, இதயம் உப்பிப் பெரிதாகி, சுருங்கும் வலுவை இழக்கிறது. “பம்பிங் கம்மி”, “ஹார்ட் வீங்கியிருக்கு” என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான். இன்னொரு வகையில் தசை தடித்துப் போகிறது. சுருங்குவதில் குறை இல்லை. விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் இடமில்லை. சிலருக்கு ரத்தம் வெளியேறும் வழியையே அந்தத் தடிப்பு அடைத்து நிற்கும். இறுகிப்போகும் வகை, துடிப்பின் தாளம் கெடும் வகை என்று வேறு சிலவும் உண்டு. அவை குழந்தைகளில் குறைவு.

எத்தனை பேருக்கு வருகிறது? 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஒன்றும் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்றுமாக இரண்டு பெரிய கணக்கெடுப்புகள் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்தன. ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்கு 1.13 என்றது முன்னது, 1.24 என்றது பின்னது. ஒரு வயதுக்குள் இருக்கும் சிசுக்களில் மட்டும் பார்த்தால் அமெரிக்கக் கணக்கு லட்சத்துக்கு எட்டைத் தாண்டியது. அரிய நோய்தான். ஆனால் வந்துவிட்டால் கடுமையானது. அதே அமெரிக்கப் பதிவேடு 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, உப்பிய இதய வகையில் நோய் தெரிந்து 5 ஆண்டுகளுக்குள் 46 விழுக்காட்டுக் குழந்தைகள் இறந்திருந்தார்கள், அல்லது மாற்று இதயம் பெற்றிருந்தார்கள். மீதிப் பாதிப் பேர் வளர்ந்து, பள்ளிக்குப் போய், கல்லூரிக்கும் போகிறார்கள். இன்று நான் பேசுவது அவர்களைப் பற்றியும், மாற்று இதயத்துக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றியும்.

காரணங்கள் பல. மரபணு, வைரஸ் தொற்றில் வரும் இதயத் தசை அழற்சி, புற்றுநோய்க்குத் தரும் சில மருந்துகள், தலசீமியாவில் அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பு, தசைச் சிதைவு நோய்கள். நம் நாட்டுச் சிசுக்களில் ஒன்றைத் தவறாமல் தேடவேண்டும். வைட்டமின் டி குறைந்து, கால்சியம் சரிந்து, இதயம் உப்பிவிடும் நிலை அது. கால்சியமும் வைட்டமினும் கொடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். அந்தக் குழந்தைக்கு மறுவாழ்வுத் திட்டம் எதுவும் தேவையில்லை.

மரபணு என்றதும் மதுரை நினைவுக்கு வருகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய தண்டபாணியும் அவருடைய பன்னாட்டுக் கூட்டாளிகளும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயத் தசையிலுள்ள ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசிய மக்களில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது என்றது அந்த ஆய்வு. நூற்றுக்கு நான்கு பேர் என்றால் இந்த அரங்கிலேயே சிலர் இருப்பீர்கள். பதற வேண்டாம். அந்த விடுபாட்டைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிறு வயதில் எந்த நோயும் வருவதில்லை. விடுபாட்டோடு சேர்ந்து வரும் இன்னொரு மாற்றமே உண்மையான குற்றவாளி என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மரபணுச் சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எக்கோ ஒழுங்காக இருக்கும் பிள்ளையை மைதானத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகும் பெற்றோர்கள் இப்போது வர ஆரம்பித்திருக்கிறார்கள்.

இனி, படுக்கையின் கதை.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இதய நோய்க்கு முதல் மருந்து படுக்கை. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் அசையாமல் படுக்கவைப்பார்கள். சோறு ஊட்டிவிடுவார்கள். 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளை ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உட்காரவைத்ததற்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. இதயத் தசை நோயில் படுக்கை இன்னும் நீண்டது. நியூ ஆர்லியன்ஸில் ஜார்ஜ் பர்ச் என்ற பேராசிரியர் 1960களில் நோயாளிகளை மாதக்கணக்கில் படுக்கவைத்தார். அவரை இன்று கேலி செய்வது சுலபம். நான் செய்யமாட்டேன். இன்றைய முக்கிய மருந்துகளில் பலவும் இல்லாத காலம் அது. படுத்திருந்தவர்களில் சிலருக்கு உப்பிய இதயம் உண்மையிலேயே சுருங்கியது. எழுந்து நடந்தபோது அவர்களுடைய கால்களில் வலு இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

அந்த வலு எங்கே போனது என்பதை 1966இல் டாலஸ் நகரில் அளந்தார்கள். டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 20 வயதுடைய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். உடல் உச்ச உழைப்பில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்ற அளவு அந்த மூன்று வாரத்தில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. 30 ஆண்டு கழித்து, அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். அப்போது அவர்களுக்கு 50 வயது, தொப்பை வேறு. ஆனாலும் 30 ஆண்டு முதுமை அவர்களுடைய திறனைக் குறைத்ததைவிட, 20 வயதில் மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நான் சொல்லும் ஆய்வு இதுதான். நோயே இல்லாத இளைஞனுக்கே மூன்று வாரம் இதைச் செய்யும் என்றால், நோயுள்ள பிள்ளையை மூன்று வருடம் நாற்காலியில் உட்காரவைத்தால் என்ன ஆகும்?

இங்கே ஒரு புதிரும் இருந்தது. எக்கோவில் தெரியும் பம்பிங் எண்ணுக்கும் நோயாளி நடக்கக்கூடிய தூரத்துக்கும் நெருங்கிய தொடர்பில்லை என்பது பெரியவர்களிடம் 1980களிலேயே தெரிந்துவிட்டது. பம்பிங் 25 விழுக்காடு உள்ளவர் மாடியேறுவார், 40 உள்ளவர் பாதியில் நிற்பார். ஆக்ஸ்போர்டில் ஆண்ட்ரூ கோட்ஸ் குழுவினர் இதய பலவீனம் உள்ள சிலருக்கு வீட்டிலேயே எட்டு வாரம் நிலைச் சைக்கிள் ஓட்டக் கொடுத்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். இளைப்பு குறைந்தது, உழைக்கும் திறன் கூடியது. பிறகு 1990களில் கோட்ஸ் ஒரு கருதுகோளை முன்வைத்தார். இதயம் பலவீனமானதும் கைகால் தசைகளுக்கு ரத்தம் குறைகிறது. அவை மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கே களைத்து, மூளைக்கு அபாயச் செய்தி அனுப்புகிறது. மூச்சு வேகமாகிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இறுகிய குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ள, பலவீனமான இதயம் இன்னும் பாடுபடுகிறது. பயிற்சி இந்தச் சுழற்சியைக் காலிலிருந்து உடைக்கிறது. இதயத் தசையை அது குணமாக்கிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். இதயத்தின் மேல் விழும் சுமையை உடலின் மற்ற பகுதிகள் பகிர்ந்துகொள்ளும்படி செய்வதுதான் அதன் வேலை.

பெரியவர்களிடம் இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் இதய பலவீனம் உள்ள 2,331 பேர் இருந்தார்கள். மருத்துவமனையில் 36 முறை, பிறகு வீட்டில் பயிற்சி. பயிற்சி பாதுகாப்பானது என்பது உறுதியானது. இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்தது கொஞ்சம்தான். கணக்கைத் திருத்திப் பார்த்தால்தான் அது தெரிந்தது. வாழ்க்கைத் தரம் கூடியது. பயிற்சியின் மேல் எனக்குள்ள பற்று இந்த அளவோடு நிற்பது.

குழந்தைகளிடம் உள்ள சான்றுகள் சிறியவை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜோனதன் ரோட்ஸ் குழுவினர் 2005இல், கடுமையான பிறவி இதயக் குறையுள்ள, 8 முதல் 17 வயதுவரையிலான 16 பேருக்குப் பயிற்சி தந்தார்கள். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 12 வாரம். 15 பேருக்கு முன்னேற்றம். உச்ச உழைப்பில் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு சராசரியாக 26.4லிருந்து 30.7 ஆனது. பயிற்சி முடிந்து மாதங்கள் கழித்து அளந்தபோதும் பலன் நின்றிருந்தது. இவர்கள் தசை நோயாளிகள் அல்லர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அனுபவத்தை நாம் கடன்தான் வாங்குகிறோம். தசை நோய்க்கு நெருக்கமானது 2007இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வு. இதயத்தைத் தாங்கும் மருந்து நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருக்க, மாற்று இதயத்துக்காக மருத்துவமனையிலேயே காத்திருந்த 20 பிள்ளைகள். அவர்களுக்குப் பல மாதம் பயிற்சி தந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பயிற்சி வேளைகளில் ரத்த அழுத்தம் இறங்கியது இரண்டு முறை. அவற்றுக்கும் மருந்து தேவைப்படவில்லை. அமெரிக்காவில் மயாமியைச் சேர்ந்த டிரேசி மில்லர், ஸ்டீவன் லிப்ஷுல்ட்ஸ் போன்றவர்கள் 2000களின் நடுவிலிருந்தே, தசை நோயுள்ள குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் வேண்டும் என்று எழுதிவந்தார்கள்.

ஆய்வுகள் போதும். ஒரு பயிற்சி வேளையைக் காட்டுகிறேன்.

காலை ஏழரை. வெளிநோயாளர் பிரிவு திறக்கும் முன் காலியாகக் கிடக்கும் 30 மீட்டர் நடைக்கூடம். இரு முனையிலும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகள். செய்யாறு பக்கத்துக் கிராமத்துப் பையன், 11 வயது, உப்பிய இதயம். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப். பெஞ்சில் அவனுடைய ஆயா, மடியில் டிபன் பை. சுவரோரம் மின்னதிர்ச்சி தந்து இதயத்தை மீட்கும் கருவி, பேட்டரி சரிபார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. முதலில் எடை பார்க்கிறார்கள். இரண்டு நாளில் எடை ஏறியிருந்தால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். அன்றைக்குப் பயிற்சி கிடையாது, டாக்டரைப் பார்க்கவேண்டும்.

ஐந்து நிமிடம் கைகால் அசைப்பு. பிறகு நடை. இயன்முறை மருத்துவரான இளம்பெண் கூடவே நடக்கிறார். பையன் இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுவதால் நாடித்துடிப்பை வைத்து அவன் எவ்வளவு உழைக்கிறான் என்று கணிக்கமுடியாது. அதற்காகக் கையில் ஓர் அட்டை. மேட்டில் சைக்கிள் மிதிக்கும் ஒரு பிள்ளையின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் படத்தில் சிரிக்கிறான், கடைசிப் படத்தில் நாக்குத் தள்ளுகிறது.

“இப்ப எந்தப் படம் தம்பி?”

பையன் நடுப்படத்துக்கு முந்தியதைத் தொடுகிறான். அது மட்டும் போதாது. பிள்ளைகள் அக்காவுக்குப் பிடித்த படத்தைத் தொடுவார்கள். எனவே பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்கிறார். “அஞ்சு பதிமூணு அறுபத்தஞ்சு, ஆறு பதிமூணு எழுபத்தெட்டு” என்று இடையில் மூச்சு வாங்காமல் போகிறான். வேகம் கொஞ்சம் கூட்டலாம். ஏழு பதிமூணில் நின்றான். மூச்சு வாங்கியதா, வாய்ப்பாடு மறந்ததா என்று பார்க்கிறார். வாய்ப்பாடுதான்.

இருபது நிமிடம் நடை. பிறகு ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி. இழுக்கும்போது “ஒண்ணு, ரெண்டு” என்று சத்தமாக எண்ணவேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும். எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையால் மூச்சைப் பிடிக்கமுடியாது. கடைசியில் பையன் பெஞ்சைப் பார்த்து ஓடப் பார்க்கிறான்.

“உக்காரக் கூடாது. மெதுவா ரெண்டு ரவுண்டு நட.”

“அக்கா, முடிஞ்சிருச்சில்ல?”

“முடியல.”

இந்த இரண்டு ரவுண்டுதான் நாங்கள் விட்டுக்கொடுக்காத இடம். உழைத்த கால்களில் ரத்தக் குழாய்கள் விரிந்து கிடக்கும். சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், இதயத்துக்குத் திரும்புவது குறையும், அழுத்தம் இறங்கும். தசை தடித்து வழி அடைந்த பிள்ளைக்கு இதயத்துக்குள் ரத்தம் குறையக் குறைய அடைப்பு கூடும். ஓட்டம் முடிந்து நின்றபின் மயங்கி விழும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மாற்று இதயம் பொருத்திய பிள்ளைகளுக்கு இந்த அட்டவணை கொஞ்சம் மாறும். புதிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் ஓய்விலேயே நாடி 90, 100 என்று அடிக்கும். உழைக்கத் தொடங்கினால் மெதுவாகத்தான் ஏறும், நிறுத்தினால் மெதுவாகத்தான் இறங்கும். தொடக்க அசைப்புக்கும் கடைசி நடைக்கும் கூடுதல் நேரம் கொடுத்தால் போதும்.

இனி, சச்சரவான பகுதி. தடித்த இதயம்.

2003 ஜூன் 26. பிரான்சின் லியோன் நகரில் நடந்த கால்பந்து அரையிறுதியில் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ மைதான நடுவில் சரிந்து விழுந்து இறந்தார். வயது 28. தடித்த இதயம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. மருத்துவர்களும் பார்த்தார்கள். 2005இல் அமெரிக்க வல்லுநர் குழு வெளியிட்ட பரிந்துரை, தடித்த இதயம் உள்ளவர்களை மிகக் குறைந்த உழைப்புள்ள போட்டி விளையாட்டுகளுக்கு மட்டும் அனுமதித்தது. கோல்ஃப், பில்லியர்ட்ஸ், பவுலிங் என்று போகும் அந்தப் பட்டியலில் கிரிக்கெட்டும் இருந்தது! பட்டியலைத் தயாரித்தவர்கள் நம் தெருக்களில் ஒற்றை ரன்னை மூன்றாக்க ஓடும் பையன்களைப் பார்த்ததில்லை போலும். வெளிநாட்டு அட்டவணையை அப்படியே ஒட்டிவைக்கும் முன் இதையும் யோசிக்கவேண்டும்.

அந்தப் பரிந்துரை போட்டி வீரர்களுக்காக எழுதப்பட்டது. நடைமுறையில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா விளையாட்டுக்கும் தடையாகிவிட்டது. பிள்ளைகள் குண்டானார்கள். எடை கூடுவது இந்த நோயில் நிலைமையை மோசமாக்கும். பிறகு காற்று மாறியது. 2017இல் வந்த ஓர் ஆய்வில் தடித்த இதயமுள்ள பெரியவர்கள் 136 பேர். மிதமான பயிற்சி பெற்றவர்களுக்கு 16 வாரத்தில் திறன் சிறிதளவு கூடியது, ஆபத்து எதுவும் நேரவில்லை. 2020இல் அமெரிக்க வழிகாட்டி மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரையாகவே எழுதியது. 2023இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் லாம்பெர்ட் குழுவினர் 8 முதல் 60 வயதுவரை உள்ள 1,660 பேரைத் தொடர்ந்து கவனித்த முடிவை வெளியிட்டார்கள். கடுமையாக உழைத்தவர்களுக்கும் உழைக்காதவர்களுக்கும் அபாய நிகழ்வு ஏறக்குறைய ஒரே அளவு, முன்னவர்களில் 4.7 விழுக்காடு, பின்னவர்களில் 4.6 விழுக்காடு.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே பிள்ளையை மாரத்தானுக்குப் பதிவு செய்யவேண்டாம். அந்த 1,660 பேரில் பெரும்பாலோர் பெரியவர்கள். தேர்ந்த மையங்களில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர்கள். ஓடும்போது மயக்கம் வந்த பிள்ளை, வழி அடைப்பு கடுமையாக உள்ள பிள்ளை, குடும்பத்தில் இளவயது திடீர் மரணம் உள்ள பிள்ளை இவர்களுக்கெல்லாம் முதலில் அபாயக் கணிப்பு, பிறகுதான் பயிற்சி. குழந்தைகளுக்கென்றே இப்போது கணிப்பு முறைகள் இருக்கின்றன. லண்டன் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2019இல் தந்தது அவற்றில் ஒன்று.

பயிற்சியே கூடாத இடங்களும் உண்டு. காய்ச்சலுக்குப் பின் வந்த இதயத் தசை அழற்சியில் மூன்று முதல் ஆறு மாதம் கடும் உழைப்பு வேண்டாம் என்பது நெடுநாள் விதி. ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை மூன்றும் அடங்கியபின்தான் தொடங்கவேண்டும். தாளம் கெடும் வகைத் தசை நோயில் உழைப்பு நோயை வளர்க்கவே செய்கிறது. ஒரே மரபணு உள்ளவர்களில் நீண்ட தூரம் ஓடியவர்களுக்கு நோய் முந்தி வெளிப்பட்டதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். இந்த நோயின் ஒரு வடிவம் கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவில் 1986இல் விவரிக்கப்பட்டது. கம்பளி போன்ற சுருட்டை முடி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடித்த தோல், கூடவே இதயம். இப்படி ஒரு பிள்ளை உங்கள் புறநோயாளர் அறைக்கு வந்தால் தோல் மருத்துவரிடம் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம். “மாடிப்படிகூட ஏற விடறதில்ல சார், நாங்களே தூக்கிட்டுப் போயிடறோம்” என்று பெருமையாகச் சொல்லும் தாய்மார்களை வாரந்தோறும் சந்திக்கிறேன். அன்பில் குறை சொல்லமுடியாது. ஆனால் அதே வீட்டில் இன்னொன்றும் நடக்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால் விளையாட்டைத் தடுத்துவிட்டு, அடிகுழாயிலிருந்து குடத்தைத் தூக்கிவரச் சொல்வார்கள். “அது விளையாட்டு இல்லையே சார், வீட்டு வேலைதானே.” தசை நோயுள்ள பிள்ளைக்குப் பேசிக்கொண்டே நடக்கும் நடையும் மெல்லோட்டமும் நல்லது. மூச்சைப் பிடித்து இடுப்பில் ஏற்றும் 15 லிட்டர் குடம் கெடுதல். நாம் நல்லதைத் தடுத்துக் கெட்டதைச் செய்யச் சொல்கிறோம். தந்தையர் தாத்தாக்கள் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: குடத்தை நீங்கள் தூக்குங்கள்.

வெயிலையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடும் பிள்ளையைச் சித்திரை வெயிலில் நடக்கவிட்டால் அழுத்தம் இறங்கும். தடித்த இதயத்தில் நீர் வற்றுவது அடைப்பைக் கூட்டும். வெளியில் நடப்பதானால் காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை ஐந்தரைக்கு மேல். சாப்பிட்டவுடன் வேண்டாம். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எழுதி வாங்குவது என்றதும் என் முக்கியமான முறையீட்டுக்கு வந்துவிட்டேன். நம் மருத்துவச் சான்றிதழ்களில் ஒரு வரி உண்டு: “கடும் உடலுழைப்பைத் தவிர்க்கவும்.” மருந்தை மில்லிகிராம் கணக்கில் எழுதும் அதே கை, இந்த வரியை அளவே இல்லாமல் எழுதுகிறது. கடும் என்றால் எவ்வளவு? பி.டி. மாஸ்டருக்கு அது தெரியாது. வம்பு வேண்டாம் என்று பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்து எல்லோருடைய செருப்பையும் காவல் பார்க்கச் சொல்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான், நாம் கொடுத்த தாளில் அவருக்கு எந்த உதவியும் இல்லை. 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளையும் முடிந்த அளவு அசையச் சொல்கிறது அது. செருப்புக் காவல் அந்தக் கணக்கில் வராது.

அந்தச் சான்றிதழை இப்படி எழுதலாம். நடையும் மெல்லோட்டமும் 20 நிமிடம். பேசிக்கொண்டே செய்யும் வேகம். ஓட்டப் பந்தயம், கபடி, கயிறு இழுத்தல் வேண்டாம். களைத்தால் தானே நிறுத்திக்கொள்ளலாம், கேள்வி கேட்கவேண்டாம். நிறுத்தும்போது மெதுவாக நடந்து நிற்கவேண்டும். நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் அன்றைக்கு ஓய்வு, பெற்றோருக்குத் தகவல். மயங்கி விழுந்து மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், ஒருவர் 108க்கு அழைக்கட்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு இந்தத் தாள் செல்லாது, புதிதாக வாங்கவும். இவ்வளவையும் எழுத ஐந்து நிமிடம் ஆகும். புறநோயாளர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் எவ்வளவு பெரியது என்று எனக்கும் தெரியும். அச்சடித்து வைத்துக்கொண்டு நேரத்தையும் வேகத்தையும் மட்டும் கையால் நிரப்புங்கள்.

அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். இந்தச் சொற்பொழிவுக்காக ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குகிறீர்கள். எனக்குத் தரவிருக்கும் மதிப்பூதியத்தோடு தொடங்கி, வாரத்தில் இரண்டு காலைகள் குழந்தைகளுக்கென்று ஓர் இயன்முறை மருத்துவரை அமர்த்துங்கள். மாநிலத்தின் மறுகோடியிலிருந்து வரும் குடும்பத்துக்குப் பேருந்துக் கட்டணமும் சேர்த்துக் கொடுங்கள். 12 வாரம் தொடர்ந்து வரமுடியாமல் பாதியில் நின்றுபோகும் பிள்ளைகள் பெரும்பாலும் பேருந்துக் காசுக்காகத்தான் நிற்கிறார்கள். நடைக்கூடம் ஏற்கெனவே இருக்கிறது, கூம்புகள் ஜோடி சில நூறு ரூபாய். அடுத்த ஆண்டு இதே மேடையில் பேச வருபவர் அந்தப் பிள்ளைகள் எத்தனை மீட்டர் நடந்தார்கள் என்ற கணக்கைக் கொண்டுவந்து படிக்கட்டும்.